ஆங்கில அகராதி பிறந்த வரலாறு

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஆங்கில அகராதி ஒன்று இல்லாத இல்லம் அரிது. அலமாரியில் திருக்குறளுக்கும் பஞ்சாங்கத்துக்கும் அருகே அதற்கும் ஓர் இடம் உண்டு. அலுவலகக் கடிதத்தில் புரியாத சொல் வந்தால் தந்தை அதைப் புரட்டுகிறார். பாடத்தில் ஐயம் எழுந்தால் பிள்ளைகள் புரட்டுகின்றனர். இந்நாளில் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பொருள் தேடிக்கொள்கின்றனர் என்றாலும், அங்கே வரும் விடையும் பெரும்பாலும் ஏதோ ஓர் அகராதியிலிருந்து எடுத்ததே. ஒரு சொல்லைப் பற்றி இருவருக்குள் வாதம் மூண்டால், அகராதி சொல்வதே முடிந்த தீர்ப்பு என்று இருவரும் அடங்கிவிடுகிறோம். அத்துணை அதிகாரம் படைத்த அந்நூலை முதன்முதலில் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் வியப்பான செய்தி கிடைக்கிறது. ஆங்கில அகராதியை அரசர் எவரும் ஆணையிட்டுச் செய்விக்கவில்லை. பல்கலைக்கழகம் எதுவும் அதனைத் தொடங்கி வைக்கவில்லை. பள்ளி ஆசிரியர்களும், தொழில் நடத்த இயலாத வழக்கறிஞர் ஒருவரும், பட்டம் பெறாத எழுத்தாளர் ஒருவரும், கூலிக்குப் படியெடுத்த எழுத்தர்களும் சேர்த்து வைத்த செல்வம் அது.

வரிகளுக்கு இடையே

இவ்வரலாற்றின் வேர் கிறித்தவ மடங்களில் இருக்கிறது. அங்கிருந்த துறவிகள் இலத்தீன் நூல்களைப் பயின்றனர். கடினமான இலத்தீன் சொல் வந்த இடத்தில், அதற்குரிய பொருளைச் சிறிய எழுத்தில் அச்சொல்லின் மேலேயே எழுதி வைத்தனர். சில வேளை எளிய இலத்தீனில் எழுதினர். சில வேளை தங்கள் தாய்மொழியாகிய பழைய ஆங்கிலத்தில் எழுதினர். பின்வந்தோர் இவ்வாறு வரிகளுக்கு இடையே சிதறிக் கிடந்த பொருள்களை எல்லாம் திரட்டித் தனிப் பட்டியலாக எழுதிக்கொண்டனர். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய பட்டியல்கள் இன்றும் உள்ளன.

பட்டியல் வளர வளர, வேண்டிய சொல்லைத் தேடி எடுப்பது கடினமாயிற்று. ஆகவே முதலெழுத்து ஒன்றாக உள்ள சொற்களை ஓரிடத்தில் சேர்த்தனர். அதுவும் போதாதபோது முதல் இரண்டு எழுத்துகளை நோக்கி அடுக்கினர். சொல் முழுவதையும் எழுத்து எழுத்தாக நோக்கி அடுக்கும் முறை நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. நாம் மிக எளியது என்று எண்ணும் அகரவரிசை, பல தலைமுறையினர் தேடிக் கண்ட வழியாகும்.

ஆனால் இவையெல்லாம் இலத்தீன் கற்பதற்கு உதவிய கருவிகள். 1538-இல் சர் தாமஸ் எலியட் வெளியிட்ட பெரிய அகராதியும் இலத்தீனுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறியதே. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் நூல் வேண்டும் என்ற எண்ணம் அதுவரை வலுப்பெறவில்லை. தாய்மொழிக்கு அகராதி எதற்கு என்று அந்நாட்டாரும் இருந்துவிட்டனர் போலும்!

ஆசிரியர் செய்த பட்டியல்

16ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அச்சுப்பொறி வந்தபின் நூல்கள் பெருகின. கற்றோர் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் சொற்களைத் தடையின்றி ஆங்கிலத்தில் கலந்து எழுதினர். கோயிலில் சமயச் சொற்பொழிவு கேட்கும் எளிய மக்களுக்குத் தங்கள் சொந்த மொழியே பாதி விளங்காமற் போயிற்று. ரிச்சர்டு மல்காஸ்டர் என்ற பள்ளித் தலைமையாசிரியர் 1582-இல் ஏறத்தாழ 8,000 ஆங்கிலச் சொற்களைப் பொருள் இன்றிப் பட்டியலாக வெளியிட்டு, இவற்றுக்கெல்லாம் பொருள் எழுத அறிஞர் ஒருவர் முன்வர வேண்டும் என்று வேண்டினார். 1596-இல் எட்மண்டு கூட் என்ற மற்றோர் ஆசிரியர் தம் பள்ளிப் பாடநூலின் இறுதியில் ஏறத்தாழ 1,400 சொற்களைச் சுருக்கமான பொருளோடு சேர்த்தார்.

1604-இல் ராபர்ட் காட்ரி என்பவரின் சிறுநூல் வெளிவந்தது. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் முதல் அகராதி என்று அறிஞர் போற்றுவது இதனையே. காட்ரி பள்ளி ஆசிரியராகவும் சமயகுருவாகவும் இருந்தவர். திருச்சபையின் விதிகளுக்கு முற்றும் உடன்படாததால் குருப்பதவியை இழந்தவர். ஆசிரியராக இருந்த அவர் மகன் தாமஸும் இப்பணியில் துணைநின்றார். நூலில் இருந்தவை ஏறத்தாழ 2,500 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் பொருள், அவ்வளவே. பிரெஞ்சிலிருந்து வந்தவற்றுக்கும் கிரேக்கத்திலிருந்து வந்தவற்றுக்கும் தனித்தனி அடையாளம் இட்டிருந்தார். கூட் தந்த பட்டியலில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார். இலத்தீன் அகராதி ஒன்றிலிருந்தும் மிகுதியாக எடுத்தார்.

அந்நூலைத் தாம் யாருக்காகச் செய்தார் என்பதை அவர் முகப்பிலேயே கூறிவிட்டார். உயர்கல்வி பெற வாய்ப்பில்லாத பெண்டிரும் பிறரும் நூலிலும் சொற்பொழிவிலும் வரும் கடினச் சொற்களை அறிந்துகொள்வதே நோக்கம் என்றார். இன்னொரு செய்தியும் நோக்கத்தக்கது. சொல்லைத் தேடுவது எப்படி என்பதையும் அவர் முன்னுரையில் கற்பிக்க வேண்டியிருந்தது. எழுத்துகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலெழுத்து வரிசையின் தொடக்கத்தில் வருவதானால் நூலின் தொடக்கத்திலும், முடிவில் வருவதானால் முடிவிலும் பாருங்கள் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார். முதற்பதிப்பில் இன்று எஞ்சியுள்ளது ஒரே படி. அது ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

இருபதாண்டு ஓய்வு நேரம்

காட்ரிக்குப் பின் பலர் இத்துறையில் இறங்கினர். 1616-இல் ஜான் புல்லோகர் என்ற மருத்துவரும், 1623-இல் ஹென்றி காக்கெரம் என்பவரும் அகராதிகள் வெளியிட்டனர். காக்கெரம் செய்த புதுமை ஒன்று உண்டு. எளிய சொல்லைக் கொடுத்து அதற்கு ஈடான பகட்டுச் சொல்லைக் காட்டும் பகுதி ஒன்றைச் சேர்த்தார். சாதாரணமாகப் பேசத் தெரிந்தவரும் படித்தவர்போல் பேசிக் காட்டலாம் அன்றோ! அந்த ஆசை எந்நாட்டிலும் உள்ளதே.

1656-இல் அகராதி வெளியிட்ட தாமஸ் பிளவுண்ட் சட்டம் பயின்றவர். கத்தோலிக்கர் ஆதலால் அக்காலச் சட்டப்படி வழக்கறிஞர் தொழில் நடத்த இயலவில்லை. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஓய்வு நேரங்களில் சேர்த்த சொற்கள் என்று தம் நூலைக் குறித்து அவரே எழுதினார். ஏறத்தாழ 11,000 சொற்கள் அதில் இடம்பெற்றன. இலண்டன் கடைத்தெருவில் நடந்து சென்றால் சமையற்காரர், மதுக்கடைக்காரர், தையற்காரர், செருப்புத் தைப்பவர் ஒவ்வொருவரும் புதுப்புதுச் சொல் வழங்குவதைக் கேட்டு, அவற்றையும் குறித்துக்கொண்டதாக முன்னுரையில் கூறுகிறார். காப்பி, சாக்லேட் என்னும் பானங்களின் பெயர்கள் அந்நகரத்தில் அன்று புதியவை.

இரண்டாண்டு கழித்து, 1658-இல், மகாகவி மில்டனின் சகோதரி மகனாகிய எட்வர்டு பிலிப்ஸ் ஓர் அகராதி வெளியிட்டார். பல துறை வல்லுநரின் பெயர்கள் அதன் முகப்பை அணிசெய்தன. பிரித்துப் பார்த்த பிளவுண்ட் திடுக்கிட்டார். தம் நூலிலிருந்தே பெரும்பகுதி எடுக்கப்பட்டிருந்ததாகவும், தம் முன்னுரையையும் விட்டுவைக்கவில்லை என்றும் குற்றம் சாட்டினார். 1673-இல் அந்நூலின் பிழைகளை மட்டும் தொகுத்துத் தனி நூலே அச்சிட்டார். ஒரு காலன் என்பது இரண்டு குவார்ட் அளவு என்று பிலிப்ஸ் நூலில் இருந்தது. உண்மையில் நான்கு குவார்ட் சேர்ந்ததே ஒரு காலன். மதுக்கடை நடத்தும் பெண் எவளும் இதனை மறுத்துரைப்பாளே என்று பிளவுண்ட் எள்ளி நகையாடினார்.

பிளவுண்டின் சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும் காட்ரி கூட்டிடமிருந்து எடுத்தார். பிளவுண்டும் முன்னிருந்த இலத்தீன் அகராதிகளிலிருந்து எடுத்தார். ஒருவர் பறித்ததை அடுத்தவர் தொடுத்தார் என்பதே இவ்வரலாறு. முன்னோர் உழைப்பை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. எடுத்ததை மறைப்பதிலும், அளந்து பாராமல் எடுப்பதிலுமே குற்றம் இருக்கிறது.

எளிய சொற்கள் நுழைந்தன

ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அகராதி என்பது கடினச் சொற்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வீடு, மரம், நாய் போன்றவற்றுக்குப் பொருள் எழுதுவது வீண் என்று கருதினர். 1702-இல் ஜே. கே. என்னும் முதலெழுத்துகளோடு வந்த அகராதிதான் அன்றாடச் சொற்களுக்கும் கதவைத் திறந்தது. ஜான் கெர்சி என்பவரே அதன் ஆசிரியர் என்பர். பொருள் தெரிந்த சொல்லையும் பிழையின்றி எழுதத் தெரியாமல் தவிக்கும் இளைஞரையும் வணிகரையும் கைத்தொழிலாளரையும் பெண்டிரையும் மனத்தில் கொண்டு அவர் ஏறத்தாழ 28,000 சொற்களைத் தொகுத்தார்.

1721-இல் நாதனியேல் பெய்லி என்ற பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ 40,000 சொற்கள் கொண்ட அகராதியை, சொற்பிறப்பு விளக்கத்தோடு வெளியிட்டார். அந்நூற்றாண்டு முழுவதும் அது மீண்டும் மீண்டும் அச்சாகி வீடுதோறும் புகுந்தது. ஆயினும் எளிய சொற்களுக்கு நல்ல விளக்கம் அமையவில்லை. நாய் என்றால் யாவரும் அறிந்த விலங்கு என்ற அளவில் பெய்லி நிறுத்திக்கொண்டார். அறிந்த பொருளை விளக்குவதே எல்லாவற்றினும் கடினம் என்பது அகராதி செய்வோர் பின்னரே உணர்ந்த பாடம்.

ஜான்சனின் மாடி அறை

1746 ஜூன் மாதத்தில் இலண்டன் புத்தக வணிகர் சிலர் கூட்டாகச் சேர்ந்து சாமுவேல் ஜான்சன் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவருக்கு அப்போது வயது 36. லிச்சுபீல்டு என்ற சிற்றூரில் புத்தகக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் ஓராண்டுக்குச் சற்று மேலே படித்து, பணமின்மையால் பட்டம் பெறாமலே திரும்பியவர். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துவந்தார். ஒப்பந்தத் தொகை 1,500 கினி, அதாவது 1,575 பவுன். எழுத்தர்களின் கூலியையும் அதிலிருந்தே அவர் கொடுக்க வேண்டும். மூன்றாண்டில் முடிப்பதாகச் சொன்னார். பிரெஞ்சு அகாதமியின் நாற்பது உறுப்பினர் நாற்பது ஆண்டு உழைத்த வேலை அல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டதற்கு, நாற்பதை நாற்பதால் பெருக்கி, அந்தக் கணக்கே ஓர் ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் என்று வேடிக்கையாக விடை கூறினாராம்.

இலண்டன் கப் சதுக்கத்தில் 17ஆம் எண் வீட்டின் மேல்மாடியே அகராதிக்கூடம் ஆயிற்று. வணிகர் அலுவலகத்துக் கணக்கறைபோல் அதனை அமைத்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறிப்பிடுகிறார். பேரேடு எழுதியே பத்தாண்டுக்கு மேல் ரயில்வே அலுவலகத்தில் காலம் கழித்துவிட்ட எனக்கு, அந்த அறையின் தோற்றம் எளிதில் கண்முன் வருகிறது.

வேலை நடந்த முறை இது. ஜான்சன் நல்ல ஆசிரியர்களின் நூல்களை எடுத்துப் படிப்பார். ஒரு சொல் பொருள் தெளிவாக விளங்கும்படி அமைந்த வாக்கியத்தைக் கண்டால், கரிய பென்சிலால் அச்சொல்லின் கீழே கோடிடுவார். அதன் முதலெழுத்தைப் பக்க ஓரத்தில் குறிப்பார். பின் நூல் எழுத்தர் கைக்குப் போகும். அவர் அவ்வாக்கியத்தைத் தனித் துண்டுத் தாளில் படியெடுத்துவிட்டு, ஓரத்து எழுத்தை அடித்துவிடுவார். இவ்வாறு சேர்ந்த துண்டுகளை அகரவரிசையில் அடுக்குவர். அதன்பின் ஜான்சன் அவற்றை நோக்கிப் பொருள் எழுதுவார். சொற்களின் வரிசைக்குப் பெய்லியின் அகராதி வழிகாட்டியாக இருந்தது. இரவல் கொடுத்த நண்பர்களுக்கு நூல்கள் கோடும் குறியுமாகத் திரும்பின. அவ்வாறு குறியிட்ட நூல்களுள் சில இன்றும் உள்ளன.

இதிலிருந்த புதுமையை நாம் உணர வேண்டும். முன்னவர்கள் பெரும்பாலும் பழைய பட்டியலைப் பார்த்துப் புதிய பட்டியல் செய்தனர். ஜான்சன் மக்கள் எழுதிய வாக்கியங்களைச் சான்றாக அழைத்தார். சொல்லின் பொருளைத் தாம் ஆணையிடாமல், அது வழங்கும் இடங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு அவற்றிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்தார். எடுத்தல் என்னும் கருத்துடைய ஒரே ஆங்கில வினைக்கு 134 பொருள் வேறுபாடுகள் காட்டினார் என்றால், அந்த உழைப்பை என்னென்பது!

இடையூறுகளுக்குக் குறைவில்லை. முதலில் பெரிய குறிப்பேடுகளில் இடம் ஒதுக்கி எழுதத் தொடங்கினர். சான்றுகள் ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. தாளின் இருபுறமும் எழுதியதால் அச்சகத்துக்கும் பயன்படவில்லை. மூன்று ஆண்டு கழிந்த நிலையில் பெரும்பகுதி வேலையை மீண்டும் தொடங்க நேர்ந்தது. ஒருபுறம் மட்டும் எழுதிப் படியெடுக்கத் தாளுக்கே இருபது பவுன் ஆயிற்றாம். 1752-இல் மனைவி மறைந்தார். ஆதரிப்பதுபோல் தொடக்கத்தில் தோன்றிய செஸ்டர்பீல்டு பிரபு ஏழாண்டு பாராமுகமாக இருந்துவிட்டு, வேலை முடியும் தறுவாயில் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். கரையேறியவனுக்குக் கை கொடுப்பதால் பயன் என்ன என்ற கருத்தில் ஜான்சன் அவருக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது.

1755 ஏப்ரல் 15-ஆம் நாள் அகராதி இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 42,773 சொற்கள், ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்கள், விலை 4 பவுன் 10 ஷில்லிங். பட்டமின்றித் திருப்பியனுப்பிய ஆக்ஸ்போர்டு அவ்வாண்டுத் தொடக்கத்தில் எம்.ஏ. பட்டம் அளித்தது, அப்பட்டம் நூலின் முகப்பில் அச்சேறியது. ஆனால் ஒப்பந்தப் பணம் முன்பே செலவாகிவிட்டது. மறு ஆண்டு, ஆறு பவுனுக்கும் குறைவான கடனுக்காக அவர் கைது செய்யப்பட்டு, நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் அனுப்பிய பணத்தால் மீண்டார்.

பிழைகளும் இல்லாமல் இல்லை. குதிரைக் குளம்பின் மேலுள்ள பகுதியைக் குறிக்கும் சொல்லுக்கு முழங்கால் என்று எழுதிவிட்டார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று பெண்மணி ஒருவர் கேட்டபோது, அறியாமையே காரணம் என்று தயங்காமல் ஒப்புக்கொண்டார். மொழியை மாறாமல் நிறுத்தி வைக்கும் எண்ணத்தோடு தொடங்கியவர், முன்னுரையில் அது மனிதனால் ஆகாத செயல் என்றும் ஒப்புக்கொண்டார். அறிஞருக்கு அழகு அதுவே.

ஆறு எழுத்தர்கள்

ஜான்சனின் பெயர் உலகெங்கும் ஒலிக்கிறது. மாடி அறையில் குனிந்து உட்கார்ந்து படியெடுத்தவர் ஆறு பேர். அவர்களை நினைப்பார் குறைவு. ஐவர் ஸ்காட்லாந்து நாட்டவர். பிழைப்புக்காகத் தம் ஊரை விட்டு இலண்டன் வந்தவர்கள். இவர்களுள் ராபர்ட் ஷீல்சும் பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டும் அகராதி வெளிவருமுன்பே இறந்துவிட்டனர். தம் கையெழுத்து நூலாகி வந்ததை அவர்கள் காணவில்லை.

ஜான்சன் அவர்களை மறக்கவில்லை என்பதே ஆறுதல். அலெக்சாண்டர் மக்பீன் முதுமையில் வறுமையுற்றபோது, முதியோர் தங்கும் சார்ட்டர் ஹவுஸ் என்னும் அறநிலையத்தில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தார். பெய்ட்டன் என்பவரும் அவர் மனைவியும் 1776-இல் அடுத்தடுத்து இறந்தபோது அடக்கச் செலவை ஏற்றார். பெரிய நூல்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத கைகள் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தத் துண்டுத் தாள் முறையே பின்னர் பெருமரமாக வளர்ந்தது. ஆக்ஸ்போர்டு அகராதிக்கு 1879-இல் தலைமை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். இலண்டனில் சார்ட்டர்டு பாங்க் ஆப் இந்தியாவில் எழுத்தராக வேலை பார்த்தவர். பல நாட்டு மக்கள் ஊதியமின்றி வாக்கியங்களைத் துண்டுத் தாளில் எழுதி அவருக்கு அனுப்பினர். அவருடைய பதினொரு பிள்ளைகளும் கைச்செலவுக் காசுக்கு அத்தாள்களை அகரவரிசைப்படுத்தினர். 1915-இல் மர்ரே மறைந்தார். 1928-இல்தான் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு பணி நிறைவெய்தியது.

நம் மொழிக்கும் இவ்வழி புதிதன்று. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி செய்தார். ஜான்சன் நூல் வெளிவந்து 24 ஆண்டுகளில், 1779-இல், தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதியைப் பப்ரிசியஸ் பாதிரியார் சென்னை வேப்பேரியில் வெளியிட்டார்.

இவ்வரலாற்றைப் படித்தபின் நம் இல்லங்களை நோக்கத் தோன்றுகிறது. திருநெல்வேலிப் பாட்டி சுளகு என்பதைத் தஞ்சாவூர்ப் பாட்டி முறம் என்கிறார். இந்நகரில் பிறந்த பேரப்பிள்ளைகளுள் பலர் இரண்டையும் கேட்டதில்லை. அடுப்படியிலும் வயற்காட்டிலும் வழங்கிய இத்தகைய சொற்கள் முதியோரோடு நம் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. பட்டம் பெற்றவர் வந்துதான் இவற்றைக் காக்க வேண்டும் என்பதில்லை. ஒரு துண்டுத் தாள், அதில் ஒரு சொல், அச்சொல் வரும்படி பாட்டி பேசிய ஒரு வாக்கியம், அவர் ஊர்ப் பெயர். பிள்ளைகள் வாரத்துக்கு ஒன்று எழுதி ஒரு பெட்டியில் இட்டாலும் ஆண்டுக்கு ஐம்பதுக்குமேல் சேரும். வாக்கியத்தை மட்டும் விட்டுவிடலாகாது. பிளவுண்ட் கடைத்தெருவில் காதால் கேட்டு எழுதினார். ஜான்சன் நூல்களில் கண்ணால் கண்டு எழுதினார். நமக்குக் கேட்டு எழுதும் காலம் இன்னும் சிறிது எஞ்சியிருக்கிறது.